கொழுப்பு வடம் இழுக்காது

உள்ள வாங்கண்ணே. செருப்பு கெடக்கட்டும், ஒண்ணும் ஆகாது. இந்தப் பெஞ்சுல இருங்க. படுத்துகிட்டு வெயிட்டு தூக்குத பெஞ்சுதான், ஆளு உக்காரதுக்கும் நல்லாத்தான் இருக்கும். ஃபேனுக்கு நேரா தள்ளி இருங்க, வேர்த்து ஒழுகுது உங்களுக்கு. பாறசாலையிலேருந்து பைக்குலயா வந்திய? வடம் இழுக்குத டீமுக்கு மேனேஜர்னு ஃபோன்ல சொன்னது நீங்கதானே? செரி. சாயாவுக்குச் சொல்லியிருக்கேன், இப்பம் வரும்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்த காரியம் எனக்குத் தெரியும். ஓணத்து வடம் இழுப்புப் போட்டிக்கு ஆளு தேடுதிய. வடத்துக்குக் கடைசில நிக்க ஒருத்தன் வேணும். ஜஸ்டஸ் எப்பிடின்னு கேக்கணும். அவ்வளவுதானே? கருங்கல்லுக்கு வாற வடக்காரன் எல்லாரும் அவனுக்க பேரைத்தான் கேக்குதான். எங்க டீமுல ஏழு பேரு. ஏழு பேருக்கும் கையும் காலும் உண்டு, ஞானஸ்நானம் குடுத்து வச்ச பேரும் உண்டு. எனக்கு பெனட்னு ஒரு பேரு இருக்கது ஊருல எவனுக்காவது ஞாபகம் இருக்கான்னே தெரியல்ல.

ஒண்ணு மொதல்லயே சொல்லிப்போடுதேன். எனக்கு அவன்மேல பொறாமை கிடையாது. நாங்க ஒண்ணாப் படிச்சவங்க, ஒரே பெஞ்சு. அவன் கேஸ் ஏஜென்சியில வேலை, வீடு வீடா சிலிண்டர் தூக்கிக் கொண்டு போடுதவன். நான் ஜிம் வச்சிருக்கேன். தொழில்ல ரெண்டு பேருக்கும் ஒரு போட்டியும் இல்ல. பொறவு என்னத்துக்குப் பொறாமை? நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா, அதைத்தான் நான் கேக்கேன்.

வெளிய வாசல்ல ஃபிளெக்ஸ் பாத்தியளா? போன ஓணத்துக்குக் கப்பு அடிச்சப்பம் எடுத்த படம். எனக்க ஜிம்மு, எனக்க வாசல். நடுவுல யாரு நிக்கா? ஜஸ்டஸ். கைலிய மடிச்சுக் கட்டிகிட்டு, வயித்தத் தள்ளிகிட்டு, பரிசா வந்த ஆட்டுக் கிடாவத் தோள்ல போட்டுகிட்டு. நான் எங்க? ஓரத்துல. கிடாவுக்க வாலுக்குப் பொறத்த. இந்தாப் பாருங்க, சட்டையத் தூக்குதேன், தப்பா நெனைக்கப்பிடாது. வயித்துல கட்டு ஆறும் தனித்தனியா தெரியுதா? இந்த உடம்ப கிடாவுக்க வாலுக்குப் பொறத்த நிறுத்துனா எவன் ஜிம்முக்கு வந்து சேருவான்? நேத்துக்கூட இஞ்சினியரிங் படிக்குத ஒருத்தன் வந்தான். ஃபிளெக்ஸப் பாத்துட்டு, “நடுவுல நிக்கதுதான் மாஸ்டரா அண்ணா”ன்னு கேக்கான். அட்மிசன் முடிஞ்சுதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எங்க டீமுல ஒரு கிறுக்கு உண்டு, நீங்களும் கிரவுண்டுல பாத்திருப்பிய. வடத்துல கை வைக்கதுக்கு முன்ன ஆறு பேரும் வரிசையாப் போய் ஜஸ்டஸுக்க வயித்துல ஒரு தட்டு தட்டணும். ராசியாம். பொத்துன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அந்தச் சத்தத்துக்குன்னே சனம் கைதட்டும். அவனும் பல்லக் காட்டிகிட்டு நிப்பான். நான் மட்டும் தட்டமாட்டேன். உடம்பப் பத்தித் தெரிஞ்சவன் நான். தொப்பையத் தட்டி ஆசீர்வாதம் வாங்க முடியுமா? பெனட்டுக்குத் திமிருன்னு சொல்லுதானுவ. சொல்லிட்டுப் போகட்டும்.

எனக்க பெண்டாட்டி ஷைனி, வீட்டுல வாய் தொறக்காத புள்ளை. வடம் இழுப்புக்கு வந்தா தொண்டை கிழியக் கத்துவா. என்ன கத்துவா தெரியுமா? “விடாதீங்க ஜஸ்டஸ் அண்ணே.” நானும் அதே வடத்துலதான் தொங்குதேன், மூணாவது ஆளா, கை தோலு உரிஞ்சு ரத்தம் வருது. எனக்க பேரு அவ வாயில வரல்ல. வீட்டுல வந்து கேட்டேன். “உங்க மொகம் முன்னால நிக்கவங்க முதுகுல மறைஞ்சு போச்சு, அவருதான் கடைசில தெரிஞ்சாரு”ங்கா. பாருங்க. கட்டுன புருசன் மறைஞ்சு போயிட்டான், சிலிண்டர்காரன் தெரியுதான்.

இருங்கண்ணே, இருங்க. நீங்க என்னமோ சொல்ல வாறிய, எனக்குத் தெரியுது. நான் முழுசாச் சொல்லிருதேன், பொறவு நீங்க கேளுங்க. பாதியக் கேட்டுட்டுப் போய் ஆளெடுத்துட்டு பொறவு எனக்கிட்ட வந்து, ஏன் சொல்லல்லன்னு கேக்கப்பிடாதுல்லா.

நாங்க இழுக்கது நானூத்தி அம்பத்தஞ்சு கிலோ பிரிவு. உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா இதைச் சொன்னாத்தான் எனக்க வருத்தம் வெளங்கும். ஏழு பேரையும் மெஷின்ல ஏத்திக் கூட்டினா அதுக்கு மேல போகப்பிடாது. போனா கையில சீல் குத்தி கிரவுண்டுக்குள்ள விடமாட்டான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்பம் ஒருத்தன் மட்டும் எண்பத்தெட்டு கிலோ வந்து நிக்கான்னா மிச்சம் ஆறு பேரு என்ன செய்ய? வாயக் கட்டணும். பட்டினி கெடக்கணும். மழைக்கோட்டு போட்டுகிட்டு வெயில்ல ஓடணும், டம்ளர்ல துப்பித் துப்பி எடை குறைக்கணும். போன வருசம் கொஞ்சம் கிராம் கூடிப்போச்சுன்னு எங்க பிஜூ மெஷினுக்குப் பக்கத்துலயே இருந்து தலைய மொட்டையடிச்சான். பத்தல்ல. மீசையையும் எடுத்தான். கல்யாணத்துக்குன்னு வளத்த மீசை, அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். ஜஸ்டஸ் என்ன செஞ்சான்? அவனுக்குத் தலையே சொட்டை, மழிக்க ஒண்ணும் இல்ல. பிஜூவுக்குப் பக்கத்துல நின்னு, “அழகா இருக்கேடே”ன்னான். எல்லாரும் சிரிச்சானுவ. பிஜூவும் சேந்து சிரிக்கான், அதுதான் கூத்து.

அதெல்லாம் சகிச்சேன். எனக்கிட்ட வந்தப்பம்தான் சகிக்கல்ல. கிறிஸ்துமஸுக்கு ஒண்ணரை மாசம் இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்துல எங்க ஊருலயே வலிய போட்டி, மலையோரத்துலேருந்து ரப்பர் வெட்டுத டீமெல்லாம் இறங்கி வருவானுவ. றசல் அண்ணன், எங்க கேப்டன், இங்கதான் வந்தாரு. “பெனட்டே, இந்தத் தடவை நீ ஒரு ரெண்டு கிலோ குறைக்கணும்டே”ன்னாரு. யாருகிட்ட? எனக்கிட்ட. அறுவத்தாறு கிலோ நான், கொழுப்பு வெறும் ஒம்பது பெர்சென்ட். எதை அண்ணே குறைக்க? காத அறுத்து வைக்கவா? நான் குறைச்சா சதையிலேருந்துதான் குறையும். அவனுக்க தொப்பைக்கு இடம் குடுக்க நான் எனக்க சதையக் குடுக்கணும். அன்னைக்கு வயிறு எரிஞ்சுது, உள்ளதச் சொல்லுதேன். பொறாமையில இல்ல, அநியாயத்துல.

அப்பம்தான் இந்த மெஷின வாங்கினேன். அந்தா, கண்ணாடிக்குக் கீழ இருக்குல்லா, கால் வச்சு ஏறி, ரெண்டு கையாலயும் கம்பியப் புடிக்கணும். உடம்புல எத்தன பங்கு கொழுப்பு, எத்தன பங்கு சதைன்னு காட்டிப்போடும். டீமு மொத்தத்தையும் வரச் சொல்லி ஏத்தினேன். ஜஸ்டஸ் ஏறினான். முப்பத்தோரு பெர்சென்ட். நான் ரெண்டு தடவை ஏறச் சொன்னேன், மெஷின் தப்பாக் காட்டுதுன்னு பொறவு யாரும் சொல்லப்பிடாதுல்லா. ரெண்டு தடவையும் முப்பத்தொண்ணு. அவனுக்கு வெக்கம் வேண்டாமா? “பெனட்டே, நான் பாஸா”ன்னு கேக்கான்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்பத்தெட்டுல முப்பத்தோரு பெர்சென்ட்னா இருபத்தேழு கிலோ. சிமெண்டு மூட்டையில பாதிக்கு மேல, சும்மா வடத்துல தொங்குது. மிச்சம் சதையும் எலும்பும் அறுவத்தொண்ணு. எனக்குக் கொழுப்பு போக அறுவது. அப்பம் சதைன்னு பாத்தா அவனும் நானும் ஒண்ணுதான். ஒரு கிலோ கூட இருக்கு, அது மண்டையோட்டு எலும்பா இருக்கும். றசல் அண்ணன் தாடியச் சொறிஞ்சுகிட்டு கேட்டாரு. “அப்பம் ஏண்டே அவன் கடைசில நின்னா வடம் நிக்கி, நீ நின்னா வடம் ஓடுது?” ஒரு தடவை பிராக்டீஸ்ல என்னக் கடைசில நிறுத்திப் பாத்தாரு, அதைச் சொல்லுதாரு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். “எடை அண்ணே, வெறும் எடை. பாறாங்கல்லக் கெட்டிப்போட்டாலும்தான் நிக்கும். கல்லுக்குப் பலம் உண்டுன்னு சொல்லுவியளா”ன்னு கேட்டேன். “கொழுப்பு வடம் இழுக்காது அண்ணே.” அந்தா, செவுத்துல எழுதிப்போட்டிருக்கேன் பாருங்க. எனக்க சொந்த வாசகம்.

பொறவு நானே வழியும் சொன்னேன். ஜஸ்டஸ் பத்து கிலோ குறைக்கட்டும், கொழுப்புதானே போகும், சதை அப்பிடியே இருக்கும். அந்தப் பத்து கிலோவ மிச்சம் பேருக்குப் பங்கு வச்சா யாரும் பட்டினி கெடக்க வேண்டாம், முன்னால ஒரு நல்ல தடியனையும் சேக்கலாம். றசல் அண்ணனுக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. “ஒண்ணரை மாசத்துல குறையுமாடே?” “எனக்கிட்ட விடுங்க. நான் குறைச்சுத் தாறேன்.” ஜஸ்டஸ் என்ன சொன்னான் தெரியுமா? “பெனட் சொன்னா செஞ்சுருவோம்.” அவ்வளவுதான். ஒரு கேள்வி கேக்கல்ல. அவன் ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருந்தா எனக்கும் கொஞ்சம் மரியாத வந்திருக்கும் அவன்மேல.

விடியக்காலம் அவனுக்க வீட்டு வாசல்ல போய் நான் நிப்பேன். எழுப்பிக் கூட்டிகிட்டு ஓடுவேன். நான் முன்ன, அவன் பொறத்த, மாடு மாதிரி மூச்சு வாங்கிகிட்டு. மரச்சீனிக் கிழங்கு இல்ல, மீன் கறி இல்ல, பொறோட்டா இல்ல, எறச்சி இல்ல. காலையில முட்டைக்க வெள்ளக்கரு, மத்தியானம் வெள்ளரிக்கா, ராத்திரி ஒரு சப்பாத்தி. அவனுக்க பெண்டாட்டி லில்லி புஷ்பம் ஒரு நா என்னத் தேடி இங்க வந்தா. இதே இடத்துல நின்னா. “அண்ணே, அவருக்கு மாடிக்குச் சிலிண்டர் ஏத்த முடியல்ல. பாதிப் படியில இறக்கி வச்சுகிட்டு இருக்காரு. கொஞ்சம் சோறு குடுக்கட்டா”ன்னு கேட்டா. “சோத்தக் குடுத்துக் கெடுத்துராத, இப்பம்தான் கொழுப்பு கரையுது”ன்னு சொல்லி அனுப்பினேன். அவளும் அதை நம்பிகிட்டுப் போனா.

வீட்டுக்குப் போனா ஷைனி மொகத்தத் தூக்கி வச்சுகிட்டு இருக்கா. “அந்த மனுசனப் பட்டினி போடுதிய, அவரு கன்னம் ஒட்டிப்போச்சு”ங்கா. நான் ரெண்டு வருசமா சோத்துல கை வைக்காம இந்த உடம்ப உண்டாக்கியிருக்கேன், எனக்க கன்னம் ஒட்டினதப் பத்தி அவ ஒரு நா கேட்டதுண்டா? இல்ல. ஜஸ்டஸுக்குன்னு சொல்லி ஒரு நா ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுத்து விட்டா. வழியில நானே குடிச்சிட்டேன். டயட்டு கெட்டுப்போகும்லா அவனுக்கு.

எடை நல்லா இறங்கிச்சு. அதை யாரும் மறுக்க முடியாது. எண்பத்தெட்டுல இருந்தவன் எழுபத்தெட்டுல வந்து நின்னான். வயிறு இறங்கிச்சு, மொகம் இறங்கிச்சு. ஊருல பாக்குதவனெல்லாம், “ஜஸ்டஸ், நீ சின்னப் பையன் மாதிரி ஆயிட்டே”ங்கான். அந்தப் பேரும் அவனுக்குத்தான். விடியக்காலம் எழும்பி ஓடினது நான், ஆளு மெலிஞ்சானேன்னு புகழுதது அவன.

டேப்பு வச்சு அளக்குதது எனக்கு வழக்கம். கடைசி வாரம் அளந்தேன். வயிறு குறைஞ்சிருக்கு, செரி. தொடையும் குறைஞ்சிருந்துது. தொடை அவனுக்கு மரம் மாதிரி இருக்கும், அதுல வெரல் வச்சு அமுக்கினா முன்ன உள்ள போகாது, இப்பம் போச்சு. மெஷின்ல ஏத்துனேன், கொழுப்பு இருபத்தாறு பெர்சென்ட் காட்டுச்சு. கணக்குப் போட்டா, சதையில மூணு கிலோ காணல்ல. ரப்பர் மரத்துல கப்பி கட்டி, மண்ணு நெறச்ச டிரம்ம வடத்தால தூக்கிப் புடிக்குத பிராக்டீஸ் ஒண்ணு உண்டுல்லா, முன்ன அவன் அதைப் புடிச்சுகிட்டே பக்கத்துல நிக்கவன்கிட்ட கதை பேசுவான். இப்பம் பாதியிலயே டிரம்ம இறக்கிப்போடுதான்.

அதை நான் சொன்னேனான்னுதானே பாக்குதிய? யாரு கேட்டா எனக்கிட்ட? றசல் அண்ணன் எடை எத்தனைன்னு கேட்டாரு, எடையச் சொன்னேன். ஜஸ்டஸ் தொப்பை குறைஞ்சுதான்னு கேட்டான், குறைஞ்சுதுன்னு சொன்னேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுதவன் நான். கேக்காததுக்கும் வாயத் தொறந்தா, பெனட்டுக்குப் பொறாமைன்னு சொல்லுவானுவ.

இதுக்குள்ள நான் எழுபத்தொண்ணு வந்துட்டேன். எல்லாம் சதை. அஞ்சு கிலோ, ஒரு துளி வயிறு வைக்காம. அதுக்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. றசல் அண்ணன்கிட்ட மெதுவாப் பேச்சு குடுத்தேன். “அண்ணே, ஜஸ்டஸ் இப்பம் எடை குறைஞ்சு போனான், கடைசில நிக்க ஆளு கல்லு மாதிரி இருக்கணும்லா. அவன நடுவுல விடுவோம், கடைசில நான் நிக்கேன்.” அவரு யோசிச்சாரு. ஜஸ்டஸே சொன்னான், “பெனட்டு நிக்கட்டும் அண்ணே, அவனுக்கு ரொம்ப நாளா ஆசை”ன்னு. ஆசையாம். எனக்கு உரிமை உள்ள எடத்த அவன் என்னமோ புள்ளைக்கு முட்டாய் குடுக்கது மாதிரி குடுக்கான். வாங்கிகிட்டேன். எப்பிடியும் வந்து சேந்துதுல்லா.

போட்டி அன்னைக்கு கிரவுண்டுல எள்ளு போட எடமில்ல. பந்தல்ல கேக்கு வித்துகிட்டு இருக்கான், மைக்குல பாட்டு. எங்க டீமு எறங்கிச்சு. வடத்துக்க கடைசிய எனக்க தோள் வழியாச் சுத்தி நான் நிக்கேன். அந்த நிமிசம் எப்பிடி இருந்துது தெரியுமா? முன்னால நிக்க ஆறு முதுகும் எனக்குத் தெரியுது. மொத்தச் சனத்துக்கும் என்னத் தெரியுது. ஷைனி சனத்தத் தடுக்கக் கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கா, நேரா பாக்குதா. வயித்துல தட்டுததுக்குன்னு பிஜூ திரும்பினான், பாத்தா ஜஸ்டஸுக்கு வயிறு இல்ல. சிரிச்சுகிட்டே அவனுக்க தோள்ல தட்டினானுவ. எனக்க வயித்துல ஒருத்தன் தட்டல்ல. நான் கேக்கவும் இல்ல.

மொத ரவுண்டு ஜெயிச்சோம். சின்னப் பயலுவ டீமு, ஆனாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான். ரெண்டாவது, ரப்பர் வெட்டுதவனுவ. அவனுவ எல்லாம் ஒணங்கின ஆளுங்க, பாத்தா பலம்னு தோணாது. விசில் ஊதினான். கொஞ்ச நேரம் நின்னோம், வடம் அங்கயும் போகல்ல இங்கயும் வரல்ல. பொறவு ஒரு குலுக்கு வந்துது. நடுவுல ஜஸ்டஸுக்க கை நழுவுது, எனக்குத் தெரியுது, வடத்துல அது தெரியும். நான் குதிகாலக் குத்தி நின்னேன். மண்ணு ஈரம். முந்தின நா மழை. நான் தரையில உக்காந்துட்டேன்னு சொல்லுவானுவ, நம்பாதீங்க. கடைசி ஆளு தரையில உக்காந்தா ஃபவுல்னு எனக்குத் தெரியாதா? சறுக்கினேன். சறுக்கினதுக்கும் உக்காந்ததுக்கும் வித்தியாசம் உண்டு. இடுப்பு தரையில பட்டுது, அந்தால என்ன இழுத்துகிட்டே போயிட்டானுவ. தோள்ல வடம் சுத்தியிருக்குல்லா, விடவும் முடியல்ல. கோடு வரைக்கும் முதுகுல மண்ணு.

அப்பம் ஷைனி கத்தினா. ஒரு தடவை, என்னப் பாத்துக் கத்தினா. “ஜஸ்டஸ் அண்ணே”ன்னு இல்ல, “என்னங்க, விட்டுருங்க, விட்டுருங்க”ன்னு. கல்யாணமாகி மொத தடவையா கிரவுண்டுல என்னக் கூப்பிட்டா. அதுவும் விடச் சொல்லி.

ஊருல என்ன சொன்னானுவ தெரியுமா? ஜஸ்டஸக் கடைசியிலேருந்து மாத்தினதுனால தோத்துதாம். அவனுக்க கை நழுவினத ஒருத்தன் சொல்லல்ல. பாவம், ஆளு மெலிஞ்சு போனான், அவன என்ன குத்தம் சொல்லன்னு. தோத்தாலும் அவன் பாவம், ஜெயிச்சாலும் அவன் ராசா. நான் எழுபத்தொண்ணு கிலோ சதைய வச்சுகிட்டு முதுகுல தோலு உரிஞ்சு குப்புறப் படுத்துக் கெடக்கேன், எனக்க வீட்டுக்கு ஒருத்தன் வரல்ல. வந்தது அவன் ஒருத்தன்தான். மருந்து வாங்கிகிட்டு வந்தான். அதுவும் பாருங்க, ஷைனி அவனுக்குச் சோறு போடுதா, மீன் கறியும் போடுதா, அவன் சாப்பிடுததப் பாத்துகிட்டு நிக்கா. நான் உள்ள குப்புறக் கெடந்து அவன் மெல்லுத சத்தத்தக் கேக்கேன்.

பொறவு பிப்ரவரியில ஒரு மூணாவது மாடிக்கு சிலிண்டர் தூக்கும்போது அவனுக்கு முதுகு புடிச்சுகிட்டுது. டிஸ்க் விலகிப்போச்சாம். இப்பம் தூக்குத வேலை இல்ல, வண்டி மட்டும் ஓட்டுதான். அவனுக்க வீட்டுல என்னக் குத்தம் சொல்லமாட்டாங்க, ஆனா லில்லி புஷ்பம் வழியில பாத்தா தலையக் குனிஞ்சுகிட்டுப் போறா. நான் என்ன செஞ்சேன்? டயட்ட பாதியில விட்டு ஒரேயடியா பொறோட்டா தின்னா முதுகு தாங்குமா? ஆக, நீங்க அவனத் தேடி வந்திருந்தா அது நடக்காது. அவனால இழுக்க முடியாது. பழைய பேரை வச்சுகிட்டு ஏமாந்துராதீங்க. உங்களுக்கு வேண்டியது கடைசில நிக்க ஒரு ஆளு, வயசு முப்பத்தஞ்சுக்குள்ள, எழுபது கிலோவுக்குப் பக்கத்துல, ஒழுங்கா உடம்பு வச்சிருக்கவன், ஊருல இருந்து விலகி வர மனசுள்ளவன். அப்பிடி ஒருத்தன் எங்கன்னு நீங்க கேட்டா நான் சொல்லுவேன். இப்பம் சொல்லுங்க. இவ்வளவு நேரம் நான்தான் பேசிகிட்டு இருக்கேன்.

என்ன?

அவனப் பாத்துட்டுத்தான் வாறியளா? எப்பம்? காலையிலயா? பொறவு ஏன் மொதல்லயே சொல்லல்ல? நான் விடல்லியா. செரி, நான்தான் விடல்ல. சொல்லுங்க.

எனக்க பேரையா? அவனா சொன்னான்?

திரும்பச் சொல்லுங்கண்ணே. அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்க. தனக்கு இனி முடியாதுன்னான். கடைசில நிக்கணும்னா பெனட்டக் கூப்பிடுங்கன்னான். நமக்குத் தெரிஞ்சதுல அவன மாதிரி உடம்பக் காப்பாத்துதவன் வேற இல்லன்னான். கிறிஸ்துமஸுக்குத் தோத்தது தன்னாலதான், தனக்க கை நழுவிச்சு, பெனட் பேருல ஒரு குத்தமும் இல்லன்னான். பொறவு? ...தனக்கு வேண்டி விடியக்காலம் வந்து வாசல்ல நின்னவன் பெனட், பெத்த தாய்கூட அப்பிடிப் பாக்காதுன்னு. அப்பிடியா சொன்னான்? லில்லி புஷ்பம் பக்கத்துல நின்னாளா? அவ என்ன செஞ்சா? உள்ள போயிட்டா. ம்.

பாத்தியளா அண்ணே. இதைத்தான் நான் இவ்வளவு நேரமாச் சொல்லுதேன். இதுலயும் நல்ல பேரு யாருக்கு? இப்பம் நான் உங்க டீமுல வந்து நின்னு, மாநிலத்துலயே கப்பு அடிச்சாலும் என்ன சொல்லுவானுவ? ஜஸ்டஸ் சொல்லி விட்ட ஆளு. ஜஸ்டஸ் குடுத்த எடம். இங்கயும் அவன்தான் குடுத்தான், அங்கயும் அவன்தான் குடுக்கான். எனக்க சதைய நான் உண்டாக்கினேன், எனக்க எடத்த எனக்கு எடுக்கத் தெரியாதா? நடக்காது.

இல்ல, யோசிக்க ஒண்ணுமில்ல. நான் வரல்ல. நீங்க நேரா எனக்கிட்ட வந்திருந்தா, எனக்க உடம்பப் பாத்து நீங்களாக் கேட்டிருந்தா, வேற கதை. ஆறு மாசமா ஒருத்தன் வந்து கேப்பான்னு இருந்தவன் நான், வாயத் தொறந்தே சொல்லுதேன். ஆனா அவன் சொல்லி வாற எடம் எனக்கு வேண்டாம். சாயா வந்துட்டு, குடிச்சுட்டுப் போங்க. குடிக்கல்லியா? செரி. எதுக்குச் செவுத்தப் பாக்குதிய, அது நான் எழுதினதுதான்னு சொன்னேன்லா.

போற வழியில அவன் வீட்டத் தாண்டித்தான் போகணும். வாசல்லதான் இருப்பான், இடுப்புல பெல்ட்டப் போட்டுகிட்டு. கைகாட்டி நிறுத்துவான், பெனட் என்ன சொன்னான்னு கேப்பான். பெனட்டுக்கு வேற டீமு கெடைச்சாச்சு, உங்களவிட வலிய டீமுன்னு சொல்லிருங்க. எந்த டீமுன்னு அவன் கேக்கமாட்டான். பொய்யான்னும் யோசிக்கமாட்டான். உள்ள திரும்பி லில்லி புஷ்பத்தக் கூப்பிட்டுச் சொல்லி, உண்மையாவே சந்தோசப்படுவான். அதுதான் அண்ணே, அவன்கிட்ட எனக்குப் பொறுக்காதது.